எதிர்வெள்ளி

சுக்கிரன் எதிரே நிற்கிறானாம். எங்கள் குடும்பத்து வாட்ஸப் குழுவில் போன வாரம் முழுக்க இதே பேச்சு. இராஜபாளையத்தில் பிறந்திருக்கும் பச்சைப்பிள்ளையை ஸ்ரீவில்லிபுத்தூருக்குத் தூக்கிக்கொண்டு போகக் கூடாதாம். ஒருவன் செல்போன் பஞ்சாங்கத்தைப் படம் பிடித்துப் போட்டிருக்கிறான். இன்னொருத்தி அதற்குக் கை கூப்பும் பொம்மை போட்டிருக்கிறாள். அதற்கும் கீழே என் தம்பி மகன், கம்ப்யூட்டர் படித்து வெளிநாடெல்லாம் சுற்றியவன், எழுதுகிறான்: "நம்ம வீட்லயே அந்தக் காலத்துல ஒரு உசுரு போயிருக்கு. தெரிஞ்சே எதுக்கு ரிஸ்க்?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்த உயிர் எப்படிப் போனது என்று பக்கத்திலிருந்து பார்த்தவள் நான். அன்றைக்கு அந்த பஸ்ஸில் இருந்த எங்கள் ஆட்களில் இன்று மிச்சம் நானும், என் அக்காவும், அவள் மடியில் கிடந்த பிள்ளையும்தான். அக்கா அதைப் பற்றி வாய் திறக்க மாட்டாள். மடியில் கிடந்ததற்கு என்ன தெரியும்? ஆகவே, நம் வயதுக்காரர்களே, முட்டிவலித் தைலமும் மாத்திரை டப்பாவுமாக என்னைப் போலவே உட்கார்ந்திருப்பவர்களே, உங்களிடம் சொல்கிறேன். சின்னதுகளிடம் சொல்ல ஆரம்பித்தால் பாதியில் ஃபோன் அடித்துவிடுகிறது.

எனக்கு அப்போது பத்து வயதிருக்கும். அக்காவை ஸ்ரீவில்லிபுத்தூரில் கட்டிக் கொடுத்திருந்தார்கள். தலைப்பிரசவத்துக்கு இராஜபாளையத்தில் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். கார்த்திகையில் பெண்பிள்ளை பிறந்தது. வீடு முழுக்க வசம்பும் சாம்பிராணியும் பூண்டுக் குழம்பும் கலந்த ஒரு வாடை. மில் சங்கு ஊதும்போதெல்லாம் பிள்ளை திடுக்கிட்டுக் கையை விரிக்கும். அப்பா அந்த மில்லில்தான் ஃபிட்டர். சங்கு ஊதும் நேரத்தை மாற்றச் சொல்ல முடியாதா என்று நான் அவரிடம் கேட்டேன். சிரித்தார். அப்பா எல்லாவற்றுக்கும் சிரிப்பார். அதுதான் அவரிடம் இருந்த கோளாறு.

வீட்டில் அதிகாரம் பெரியப்பாவுடையது. அப்பாவுக்கு மூத்தவர், பருத்திக் கமிஷன் மண்டி வைத்திருந்தவர், பஞ்சாங்கம் இல்லாமல் முகச்சவரம்கூடச் செய்துகொள்ளாதவர். சித்தப்பா வீட்டுக்கு இளையவர், பள்ளிக்கூடத்தில் சரித்திர வாத்தியார். இந்த இரண்டு பேருக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு எங்கள் அக்கா பட்ட பாடுதான் கதை.

தை பிறந்ததும் அக்கா புருஷன் வீடு போக வேண்டும். அத்தானின் அப்பா பக்கவாதம் வந்து படுத்த படுக்கையாகக் கிடந்தார். படுப்பதற்கு முன் ஆஸ்பத்திரிக் கட்டுத் துணி நெய்யும் பட்டறையில் வேலை பார்த்தவர். வலது கையும் காலும் விழுந்துவிட்டன, பேச்சு குழறும். அந்த மனிதருக்கு ஒரே ஆசை, பேத்தியை ஒரு தடவை பார்த்துவிட வேண்டும். அத்தான் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் பால்கோவாப் பொட்டலத்தோடு சைக்கிளை மிதித்துக்கொண்டு வருவார். வந்து செம்பு நிறையத் தண்ணீர் குடித்துவிட்டு அதையேதான் சொல்வார்.

"அப்பா கேட்டுக்கிட்டே இருக்காக. பிள்ளைய எப்பக் கொண்டாருவேன்னு கேக்காக."

பெரியப்பா பஞ்சாங்கத்தைப் பிரித்தார். வெள்ளி கிழக்கே இருந்தது. புதுப்பெண்ணும் பிள்ளைத்தாய்ச்சியும் பச்சைப்பிள்ளைக்காரியும் வெள்ளி இருக்கும் திசையைப் பார்த்துப் பயணம் போகக் கூடாது, எதிர்வெள்ளி ஆகாது என்பது எங்கள் பக்கத்தில் பழைய பேச்சு. ஆனி வரைக்கும் வெள்ளி கிழக்கை விட்டு நகராது என்றார் பெரியப்பா. அதற்குப் பிறகு வெள்ளி கண்ணுக்கே தெரியாத மூடம், அப்போதும் நல்ல காரியத்துக்கு ஆகாது. ஆடியில் யாரும் அனுப்ப மாட்டார்கள். ஆவணியில் பார்க்கலாம் என்றார்.

ஆவணி! இராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் எவ்வளவு தூரம் என்று உங்களுக்கே தெரியும். பஸ் ஏறி உட்கார்ந்து கடலைப் பொட்டலத்தைத் தின்று முடிப்பதற்குள் ஊர் வந்துவிடும்.

அம்மா பெரியப்பாவிடம் மெதுவாக ஆரம்பித்தாள். "வில்லிபுத்தூரு வடக்கதான மச்சான் இருக்கு? கெழக்கன்னு யார் சொன்னா?"

உடனே அது வடக்கா கிழக்கா என்று சண்டை. அப்பா மொட்டை மாடியில் ஏறி ரயில் தண்டவாளம் போகும் வாட்டத்தைப் பார்த்துவிட்டு வடக்கு என்றார். சித்தப்பா பள்ளிக்கூடத்து வரைபடத்தைக் கொண்டுவந்து கூடத்தில் விரித்து, ஸ்கேலை வைத்து, வடகிழக்கு என்று முடித்தார். படித்த மனிதர், உண்மையைத்தானே சொல்ல வேண்டும்? அன்றைக்குப் பார்த்து அவருக்கு உண்மை முக்கியமாகப் போய்விட்டது.

பெரியப்பா வரைபடத்தைக் காலால் நகர்த்தினார். "பாதிக் கெழக்கு இருக்குல்ல? அவனுக்கு அது போதும். ஒத்தக்கண்ணன் பார்வை பொல்லாதது."

சுக்கிரனுக்கு ஒற்றைக் கண் என்கிற கதை உங்களுக்குத் தெரிந்ததுதான். அசுரர்களுக்குக் குரு அவர். குள்ள உருவில் வந்த பெருமாளுக்கு மாபலி தண்ணீர் வார்த்துத் தானம் கொடுக்கப் போகிறபோது, சீடன் கெட்டுப்போவானே என்று வண்டாக மாறிக் கமண்டலத்தின் மூக்கை அடைத்துக்கொண்டார். பெருமாள் தர்ப்பையால் குத்தினார், கண் போயிற்று. செத்த அசுரர்களை எழுப்பும் மந்திரமும் அவருக்குத்தான் தெரியும். இதைப் பெரியப்பாவே விளக்கேற்றும் நேரத்தில் எங்களுக்குச் சொன்னார். செத்தவனை எழுப்புகிற ஆளைப் பார்த்து எதற்குப் பயப்பட வேண்டும் என்று கேட்டேன். என்னைப் போய்ப் படிக்கச் சொன்னார்.

சித்தப்பாவுக்கு இதெல்லாம் மூடநம்பிக்கை என்று நிரூபிக்க வேண்டும். நிரூபித்தார், பாருங்கள். தினமும் பள்ளிக்கூடம் விட்டு வந்து, காப்பியைக் குடித்துக்கொண்டே உலகத்தில் எந்தெந்த ஜாதி ஜனங்கள் வெள்ளியைப் பற்றி என்னென்ன கதை கட்டினார்கள் என்று பிரசங்கம். ரோமாபுரியில் அது காதலுக்குத் தேவதையாம். கிரேக்கர்கள் ரொம்ப நாள் விடியலில் தெரிவது ஒன்று, சாயங்காலம் தெரிவது வேறொன்று என்று நினைத்து இரண்டு பெயர் வைத்திருந்தார்களாம். ஊருக்கு ஒரு கதை இருக்கிறதென்றால் எல்லாமே கட்டுக்கதைதானே என்பது அவர் கட்சி. அது வரைக்கும் சரி. அதோடு நிறுத்தியிருக்கலாம்.

மெக்சிகோவுக்குப் போனார். அந்தப் பக்கத்துப் பழைய ஜனங்களுக்கு வெள்ளி என்றால் ஈட்டி எறிகிறவனாம். மறைந்திருந்து கிழக்கே முதன்முதலாகக் கிளம்புகிற அன்று, அதன் வெளிச்சம் மேலே பட்டால் நோய் வரும் என்று வீட்டுப் புகைக்கூண்டைக்கூட அடைத்துவிடுவார்களாம்.

பெரியப்பா வெற்றிலை மடிப்பதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார். "பாத்தியாலே? கடலுக்கு அங்கிட்டு இருக்கவனே கதவ அடைச்சிருக்கான். நீ நம்மளக் கோட்டிக்காரன், பைத்தியக்காரன்ங்கிற."

வெறும் வாயை மெல்லுகிறவருக்கு அவல் கிடைத்துவிட்டது. அதற்குப் பிறகு வீட்டுக்கு யார் வந்தாலும் பெரியப்பா மெக்சிகோவைத்தான் சொன்னார். எதிர் வீட்டு நர்ஸம்மாவிடமும் சொன்னார். அந்த அம்மாதான் பிரசவம் பார்த்தது, ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர்.

"எங்க வேதத்துல ஆண்டவருக்கே விடிவெள்ளின்னுதாங்க பேரு. நாங்க அதுக்கு எதிர்ல போகாம வேற எங்கிட்டுப் போறது?" என்று நர்ஸம்மா கேட்டார். "ஒங்க வெள்ளி வேற" என்று முனகினார் பெரியப்பா.

இதற்கு நடுவில் பரஸ்தானம் என்று ஒரு கூத்து. நல்ல நேரத்தில் பயணப் பையை வேறொரு வீட்டில் கொண்டுபோய் வைத்துவிட்டால் பயணம் தொடங்கிவிட்டதாகக் கணக்கு. தளவாய்புரத்து ஜோசியர் சொன்னார் என்று அக்காவின் பையை நர்ஸம்மா வீட்டில் வைத்தார்கள். அப்புறம் ஜோசியரே, வெள்ளிக்கு அது செல்லாது என்று சொல்லி அனுப்பினார். வைத்த பையை வெறுமனே திருப்பி எடுத்தாலும் ஆகாதாம். மாற்றுச் சேலை வேண்டுமென்றால் அக்கா தெருவைத் தாண்டிப் போய் எடுத்துக் கட்டிக்கொண்டு வருவாள். பிள்ளையின் துணியும் அதற்குள்தான் கிடந்தது. நர்ஸம்மா ஒரு நாள் தலையில் அடித்துக்கொண்டு, "புத்தியோடதான் இருக்கீகளா எல்லாரும்?" என்று அம்மாவிடம் கேட்டார்.

ஒரு சாயங்காலம் சித்தப்பா பாபிலோன் பக்கத்துக் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். அங்கே வெள்ளி ஒரு பெண் தெய்வம், இஷ்தார் என்று பெயர். ஒரு முறை பாதாளத்துக்குக் கிளம்பிப் போனாள். அங்கே ஏழு வாசல். ஒவ்வொரு வாசலிலும் காவல்காரன் மறித்து ஒரு நகையைக் கழற்ற வைத்தான். வெள்ளி வானத்தில் தெரியாமல் போகிற நாட்களுக்கு அவர்கள் வைத்திருந்த கதை அது என்றார். அக்கா பிள்ளையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தவள் கேட்டாள்.

"எதுக்குச் சித்தப்பா அங்க போனா?"

"அதை ஒருத்தன் ஒரு மாதிரி சொல்லுதான். அவளோட அக்கா புருஷன் செத்துட்டான், அந்தச் சாவுக்குத் துட்டி கேக்கப் போனாங்கிறது அதுல ஒண்ணு."

அக்கா பிள்ளையை அடுத்த தோளுக்கு மாற்றிப் போட்டாள். அப்புறம் சொன்னாள்: "ஏழு வாசல்ல மறிச்சும் போயிட்டாள்ல?"

சித்தப்பா அந்தக் காவல்காரனின் பெயரை நினைவுபடுத்திக்கொள்ள முயன்றுகொண்டிருந்தார். அக்கா கேட்டது அவர் காதில் விழவே இல்லை. இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு ஆத்திரம் பெரியப்பா மேல் பாதி, சித்தப்பா மேல் பாதி. ஒருவர் போகாதே என்றார். இன்னொருவர் போகலாம் என்பதற்கு உலகத்தையே சாட்சிக்கு இழுத்தார். ஆனால் பையை எடுத்து, வாம்மா என்று பஸ் ஏற்றிவிட ஒரு ஆம்பளை அந்த வீட்டில் இல்லை.

மாசியில் அத்தான் ஞாயிற்றுக்கிழமை அல்லாத ஒரு நாளில் வந்தார். பால்கோவா இல்லை. "அப்பாவுக்குக் கஞ்சி எறங்கல. பிள்ளை மொகத்த ஒரு தடவ காட்டிட்டா நான் வேறெதுவும் கேக்க மாட்டேன் மாமா" என்று பெரியப்பா முன்னால் நின்றார். அப்பா முதல் தடவையாகச் சிரிக்காமல், "அண்ணே, அனுப்பிருவோம்ணே" என்றார்.

பெரியப்பா கல்லில்லை. ராத்திரி சாப்பிடாமல் யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தார். அந்த வழியைத்தான் இன்று வரைக்கும் என்னால் மன்னிக்க முடியவில்லை.

வத்திராயிருப்பில் பெரியம்மாவின் தம்பி இருந்தார். அந்த ஊர் ஸ்ரீவில்லிபுத்தூருக்கு நேர் வடக்கே. முதலில் அங்கே போவது. எங்கள் ஊரிலிருந்து பார்த்தால் அது வடக்குப் பயணம், குற்றமில்லை. அங்கே மூன்று ராத்திரி தங்கினால் அது தங்கிய வீடாகி, பயணக் கணக்கு அங்கிருந்து புதிதாகத் தொடங்கும். பிறகு அங்கிருந்து தெற்கே இறங்கி ஸ்ரீவில்லிபுத்தூர் வந்தால் வெள்ளி இடது பக்கம் போய்விடும், எதிரே வராது. கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஒரே ஒரு சங்கடம், வத்திராயிருப்பு பஸ் ஸ்ரீவில்லிபுத்தூர் வழியாகத்தான் போகும்.

"வழியில நிக்கிற ஊரு கணக்கில்ல. எறங்குனாத்தான் பயணம்" என்றார் பெரியப்பா.

கிளம்பினோம். பெரியப்பா, அக்கா, பிள்ளை, துணைக்கு நான். காலை பஸ். ஜன்னல் கம்பியில் பனி ஒட்டியிருந்தது. வழியெல்லாம் நான் வெள்ளியைத் தேடினேன், பொழுது நன்றாக விடிந்துவிட்டதால் அதை எங்கேயும் காணவில்லை. கோபுரம் தெரிந்ததும் அக்கா முகத்தைச் சேலையால் துடைத்துக்கொண்டு, பிள்ளைக்கு நெற்றியில் மையைச் சரி பண்ணினாள்.

ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டில் அத்தான் சைக்கிளோடு நின்றார். அவர் வீடு அங்கிருந்து ரெண்டு தெரு. டிரைவர் இறங்கி டீக்கடைக்குப் போனார்.

அத்தான் ஜன்னலுக்குக் கீழே வந்தார். "மாமா, அவ எறங்க வேண்டாம். பிள்ளைய மட்டும் குடுங்க. சைக்கிள்ல போயி அப்பாட்ட காட்டிட்டு டிரைவர் டீ குடிக்கிறதுக்குள்ள வந்துருவேன்."

"காட்டுற வீடு பிள்ளைக்குச் சொந்த வீடு. பிள்ளை போனா அது பயணம்தான் மாப்பிள்ளை. மூணு நாள்தான, பொறுங்க."

"அவருக்கு மூணு நாளு இருக்கான்னு தெரியல மாமா."

அக்கா பிள்ளையைத் தூக்கி ஜன்னல் வரைக்கும் கொண்டுபோய்விட்டாள். பெரியப்பா அவளைத் தொடவில்லை, திட்டவும் இல்லை. "பச்சமண்ணும்மா. நாளைப்பின்ன அதுக்கு ஒண்ணு ஆனா நீதான் அழணும்" என்றார், அவ்வளவுதான். அவர் நிஜமாகவே பயந்தார். அதுதான் கொடுமை, கெட்ட மனிதராக இருந்திருந்தால் நான் இந்நேரம் மறந்திருப்பேன்.

கண்டக்டர், "எறங்கணும்னா எறங்குங்கம்மா, வண்டி கெளம்பப் போவுது" என்றார். அக்கா எழுந்து நின்றாள். உட்கார்ந்தாள். மறுபடி எழுந்தாள். டீக்கடையில் டிரைவர் டீயை ஆற்றி ஆற்றிக் குடித்தார், பக்கத்தில் நின்றவரிடம் என்னவோ பேசிச் சிரித்தார், இன்னொரு டீ வாங்கினார். அன்றைக்கு நேரமே நகரவில்லை. சைக்கிளில் போய்விட்டு வந்திருக்கலாம். போய்விட்டு வந்து, அத்தானும் ஒரு டீ குடித்திருக்கலாம்.

பஸ் கிளம்பியபோது அத்தான் கொஞ்ச தூரம் சைக்கிளில் கூடவே வந்தார். பிறகு காணவில்லை.

ரெண்டாவது நாள் காலையில் வத்திராயிருப்புக்கு ஆள் வந்துவிட்டது. அத்தானின் அப்பா முந்தின சாயங்காலமே போய்விட்டார். அக்கா அழக்கூட இல்லை, பையைத் தேடினாள். இப்போது எந்த வெள்ளியும் குறுக்கே வரவில்லை. துட்டிக்குத் திசை கிடையாது என்று பெரியப்பாவே பஸ்ஸுக்கு அவசரப்படுத்தினார்.

பச்சைப்பிள்ளையைச் சாவு வீட்டுக்குள் கொண்டுபோகக் கூடாதில்லையா? எதிர் வீட்டில் என் மடியில் போட்டுவிட்டு அக்கா உள்ளே போனாள். கொட்டுச் சத்தத்துக்குப் பிள்ளை அதிராமல் இருக்க நான் அதன் காதைப் பொத்திக்கொண்டிருந்தேன். பேத்தியைத் தாண்டித்தான் அந்த மனிதரைத் தூக்கிக்கொண்டு போனார்கள். நடுவில் ஒரு தெருதான்.

எல்லாம் முடிந்த பிறகு நான் இருந்த வீட்டுக்காரம்மா சாவு வீட்டிலிருந்து ஒரு துணிக் கட்டைக் கொண்டுவந்து என்னிடம் கொடுத்தார். கட்டுத் துணி, வெள்ளைவெளேர் என்று அவ்வளவு மிருதுவாக இருந்தது. பெரியவர்தான் பட்டறையில் மிஞ்சிய துண்டுகளை வாங்கிவரச் சொல்லி, விளங்குகிற இடது கையால் பேத்திக்கு இடுப்புத் துணியாக நாலாக மடித்து மடித்துத் தலைமாட்டில் அடுக்கி வைத்திருந்தாராம். ஓரங்கள் ஒன்றுக்கொன்று பொருந்தவில்லை. அவற்றை அந்தப் பிள்ளைக்கே கட்டிக் கிழித்தோம். இப்போது ஒன்று கூட மிச்சமில்லை.

இத்தோடு முடிந்திருந்தால்கூட மனதை ஆற்றிக்கொள்வேன். பதினாறாம் நாள் விசேஷத்தில் சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வந்து பெரியப்பா சொன்னார்: "எதிர்வெள்ளின்னு நான் அன்னைக்கே சொன்னேன். அந்த ஊரு வழியாப் பிள்ளையக் கொண்டு போனதே தப்பு. பிள்ளைக்கு வர வேண்டியது, பெரியவரு வாங்கிக்கிட்டாரு." எல்லோரும் தலையை ஆட்டினார்கள். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை என்றார் சித்தப்பா, சொல்லிவிட்டு மோர் கேட்டார். அக்கா பிள்ளையை இறுக்கிக்கொண்டு கேட்டுக்கொண்டே நின்றாள். பார்க்க முடியாமல் செத்தவர், பிள்ளையைக் கொண்டுபோனதால் செத்தவராக மாறிய இடம் அதுதான். அதைத்தான் இன்றைக்கு என் தம்பி மகன் ஃபோனில் டைப் அடிக்கிறான்.

இப்போது நிலவரம் என்ன தெரியுமா? அந்தக் கைப்பிள்ளை வளர்ந்து, இராஜபாளையத்தில் வாக்கப்பட்டு, அவள் மகளுக்கு இப்போது ஆண்பிள்ளை பிறந்திருக்கிறது. ஸ்ரீவில்லிபுத்தூரில் அக்கா இடுப்பெலும்பு முறிந்து கட்டிலோடு கிடக்கிறாள். கொள்ளுப்பேரனைப் பார்க்க வேண்டியவள் இன்று அவள். பிள்ளையைக் கொண்டுவரட்டுமா என்று கேட்டதற்கு அவளே சொல்லியனுப்பினாள், வெள்ளி கிழக்கே இருக்கிறதாம், வேண்டாமாம்.

முந்தாநாள் விடிகாலையில் பிள்ளை பெற்ற அந்தப் பேத்தி வீட்டுக்குப் போனேன். "பிள்ளையத் தூக்கு. காரை எடுக்கச் சொல்லு ஒம் புருசன" என்றேன். "சின்னாச்சி, குரூப்ல எல்லாரும்..." என்று ஆரம்பித்தாள். "குரூப்ப அணைச்சு வையி" என்றேன். மறுபேச்சில்லாமல் கிளம்பினாள். ஊரைத் தாண்டியதும் எதிரே வெள்ளி நின்றது, வயல்களுக்கு மேலே, நல்ல பிரகாசமாக. பிள்ளை நிம்மதியாகத் தூங்கியது. நான் வெள்ளியை முறைத்துக்கொண்டே வந்தேன்.

எங்களைக் கண்டதும் அக்கா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். "ஏட்டி, எதுக்குக் கொண்டாந்த? ஒரு உசுர நான் முழுங்குனது பத்தாதா?"

"நீ யாரையும் முழுங்கல. அவரு நோவுல போனாரு. பிள்ளையப் பாக்காமப் போனாரு, அம்புட்டுதான். நீயும் அப்படிப் போவணுமா?"

பேத்தி பிள்ளையை அவள் பக்கத்தில் கிடத்தினாள். அது காலை உதைத்து அக்காவின் முதுகில் ஒன்று வைத்தது. அக்கா மெதுவாகத் திரும்பினாள். வெகுநேரம் அதன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் என்னைப் பார்க்காமலே கேட்டாள்.

"வழியில டிரைவரு எங்கயும் டீ குடிக்க நிப்பாட்டலையே?"

"இல்லக்கா. நேரா வந்தோம்."